கொக்கியில் தொங்கிய ஆறாம் எண்

அத்தியாயம் பத்தொன்பது

காலை ஏழு மணிக்குக் கதவிடுக்கு வழியாக அட்டை உள்ளே வந்தது.

ஜெர்சியக்கா உடனே குனிந்து எடுக்கவில்லை. சலவை இயந்திரம் கடைசிச் சுற்றில் கடகடவென்று குதித்துக்கொண்டிருந்தது. அதை இடுப்பால் முட்டுக்கொடுத்துப் பிடித்தபடி நின்றாள். பிடியை விட்டால் அந்தக் கிழட்டு இயந்திரம் அறையைச் சுற்றி ஊர்வலம் போய்விடும்.

கதவுக்கு அந்தப் பக்கம் நடந்து போகிறவர் யார் என்று பார்க்கத் தேவையில்லை. வலது கால் கொஞ்சம் கனமாக விழுகிற நடை. அவள் கட்டிக்கொண்டவரின் நடை.

இன்று காலை ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்றுவிட்டுத்தான் இரண்டு பேரும் கிளம்பினார்கள். ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வந்தார்கள். வழியெல்லாம் வாயைத் திறக்காத மனுஷன், மைதானத்துக்குள் வந்ததும் கதவிடுக்கில் அட்டையைத் தள்ளிவிட்டு யாரோ போல நடக்கிறார்.

அவர் போட்ட சட்டம் அது. "கேட்டுக்குள்ள வந்தா பொண்டாட்டி கிடையாது, மச்சான் கிடையாது. ஜெர்சி ரூம், கேப்டன், கோச். அவ்ளோதான்."

இயந்திரம் மூச்சை அடக்கியதும் அட்டையை எடுத்தாள். கட்டுத்துணிப் பெட்டியைக் கிழித்த துண்டு. அவர் கையெழுத்தில் மேலே பதினொரு எண்கள், கீழே கோடு, கோட்டுக்குக் கீழே ஏழு எண்கள். மேலே இருப்பவர்கள் களத்தில் இறங்குவார்கள். கீழே இருப்பவர்கள் பெஞ்சில் உட்காருவார்கள். இந்தச் சங்கதி யாருக்கும் தெரிவதற்கு முன்னால் ஜெர்சி அறைக்குத் தெரிந்தாக வேண்டும். ஜெர்சிகளைக் கொக்கியில் மாட்டுகிறவள் அவள்தானே.

விரலை வைத்துப் படித்தாள். ஒன்று, இரண்டு, நாலு, ஐந்து, மூன்று... பதினெட்டு.

பதினெட்டா?

மறுபடி மேலிருந்து வந்தாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் கட்டுத்துணி விளம்பரம்தான் இருந்தது.

ஆறாம் எண் கோட்டுக்குக் கீழே இருந்தது.

ஆறு அவள் தம்பியின் எண்.

நடந்ததைக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. மூன்று மாதத்துக்கு முன்னால் நீல அணி பட்டியலின் அடியில் கிடந்தபோது, பழைய கோச்சைத் துரத்திவிட்டு, பயிற்சிக் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்த துணைக் கோச்சைக் கூப்பிட்டு, "இந்தா, நீயே பார்த்துக்கோ" என்று கிளப் தலைவர் அணியை அவர் கையில் கொடுத்தார். அந்தத் துணைக் கோச்தான் ஜெர்சியக்காவின் கணவர். ஒரு காலத்தில் இதே அணியில் பதினொரு வருஷம் நடுக்களத்தில் ஆடியவர். எதிராளியின் இரண்டு கால்களுக்கு நடுவில் கூடப் பந்தைக் கோத்து அனுப்புவார் என்பதால் ஊரே அவரை 'ஊசி' என்றுதான் கூப்பிட்டது. அவர் வந்தபிறகு அணி தட்டுத்தடுமாறி எழுந்தது. இன்று கடைசி ஆட்டம். ஜெயித்தால் முதல் டிவிஷனில் நிற்கலாம். சமனானால்கூடக் கீழே போகவேண்டியதுதான். அணி கீழே போனால் கோச்சும் வீட்டுக்குப் போகலாம் என்று தலைவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

தம்பி கேப்டன். நின்ற இடத்திலேயே சுழன்று ஆளைக் கழற்றிவிடுவதால் அவனுக்குப் பெயர் 'பம்பரம்'. மாமா கழற்றிய ஆறாம் எண்ணை மாட்டிக்கொண்டு ஒன்பது வருஷமாக அதே இடத்தில் ஆடுகிறான்.

அந்தப் பம்பரம்தான் வியாழக்கிழமை மத்தியானம் இந்த அறைக்குள் நொண்டிக்கொண்டு வந்து, ஈரக் காலுறைக்குள் ஐஸைப் போட்டு முழங்காலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. வெளி டாக்டர் கொடுத்த சீட்டை அவளுடைய சோப்புத்தூள் டப்பாவுக்குள் செருகியது. "அக்கா, ஒரே ஒரு மேட்ச். அப்புறம் நானே மாமாகிட்ட சொல்லிடறேன். நீ வாயத் தொறந்தே, நான் உன் தம்பியே இல்ல."

அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் ஆறு கோட்டுக்குக் கீழே போய்விட்டது.

'நான்தான் சொல்லிவிட்டேன் என்று நினைப்பான்' என்று அவளுக்கு முதலில் தோன்றியது. அடுத்தாற்போல், 'இதை அவனிடம் யார் சொல்வார்கள்?' என்று தோன்றியது. இரண்டு நினைப்பும் இரண்டு கையைப் பிடித்து இழுக்க, உலர்ந்த ஜெர்சிகளைத் தோளில் போட்டுக்கொண்டு உடைமாற்றும் அறைக்குப் போனாள்.

நீளச் சுவரில் பதினொரு கொக்கி. கதவை ஒட்டிய குட்டைச் சுவரில் ஏழு. தூணை ஒட்டிய மூன்றாவது கொக்கி நடுக்கள ஆட்டக்காரனுக்கு. மனசு எங்கேயோ கிடந்தது. கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. இத்தனை வருஷம் சுமை தூக்கின தோள் எந்தப் படியில் குனிய வேண்டும் என்று கண்ணைக் கேட்பதில்லை. அவள் கையும் அப்படித்தான். மாட்டி முடித்து, முதுகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

*

பம்பரம் பத்து மணிக்கே வந்துவிட்டான். ஆட்டம் நாலு மணிக்கு.

அவள் காலுறைகளை ஜோடி சேர்த்து எடுத்துக்கொண்டு உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தபோது, நீளச் சுவரில் தூணை ஒட்டி, காலை நீட்டி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"என்னக்கா, மூஞ்சி துவைச்சுப் பிழிஞ்ச துணியாட்டம் இருக்கு? ஜெயிக்கப்போறோம்க்கா!"

"சாப்பிட்டியா?"

"ரெண்டு தட்டு. இன்னிக்கு மாமா என்னை வெளிய உட்கார வெச்சிருவாரோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. அந்த மௌனிப் பயலை வேற ரெண்டு நாளா என் இடத்துல வெச்சுப் பழக்கிட்டிருந்தாரு. இப்ப வந்து பாத்தப்புறம்தான் உசுரு வந்துச்சு."

"எதைப் பாத்தே?"

அவன் தலைக்கு மேலே கட்டைவிரலைக் காட்டினான்.

தூணை ஒட்டிய மூன்றாவது கொக்கியில், இஸ்திரி மடிப்புக் கலையாமல், ஆறாம் எண் தொங்கியது.

ஜெர்சியக்காவின் கையிலிருந்த காலுறைகள் நழுவித் தரையில் விழுந்தன. கணவர் ஆடிய காலம், தம்பி ஆடிய காலம் எல்லாம் சேர்த்து இருபது வருஷமாக அந்தக் கொக்கியில் அவள் கை வேறொரு எண்ணை மாட்டியதே இல்லை.

குட்டைச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பதினெட்டாம் எண் ஜெர்சிக்குக் கீழே மௌனி உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தான். பருவத்தின் நடுவில் வாங்கி வந்த இருபத்துநாலு வயது ஆட்டக்காரன். நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். தன் ஜெர்சி பெஞ்சுக்காரர்கள் சுவரில் தொங்குவதைப் பார்த்தும் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டிருந்தான்.

"தம்பி, ஒரு நிமிஷம் வெளிய வாயேன்."

"எதுக்கு? இங்கயே சொல்லு."

சொல்வதற்குள் கதவு திறந்தது. ஊசி உள்ளே வந்தார்.

வந்தவர் கண் முதலில் மூன்றாவது கொக்கியில் நின்றது. பிறகு குட்டைச் சுவருக்குப் போனது. பிறகு அவள்மேல் வந்து விழுந்தது. அந்தப் பார்வையில் கோபமிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"மௌனி, பத்து நிமிஷம் வெளிய நட" என்றார்.

மௌனி ஒரு ஷூவோடு எழுந்து போனான். அறையில் மூன்று பேர் நின்றார்கள்.

"மச்சான்."

கேட்டுக்குள்ளே அவர் அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. பம்பரத்தின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே கெட்டியாகிப்போனது.

"நானே தனியா கூப்பிட்டுச் சொல்லணும்னு இருந்தேன். இன்னிக்கு நீ ஆரம்பிக்கல. பெஞ்ச்."

"ஜெர்சி இங்க தொங்குது."

"தப்பா தொங்குது."

பம்பரம் மெதுவாக அக்காவின் பக்கம் திரும்பினான். "சொல்லிட்டியா?"

"இல்லடா."

"சத்தியமா?"

"நான் சொல்லல. கை தவறி மாட்டிட்டேன், அது என் தப்பு. ஆனா அதை நான் சொல்லல."

"பின்ன இவருக்கு எப்படித் தெரியும்? கனவுல வந்துச்சா?"

"எதைச் சொல்லல?" என்றார் ஊசி.

அக்கா குனிந்து காலுறைகளைப் பொறுக்கினாள். அவரே பேசினார்.

"உங்கக்கா ஒண்ணும் சொல்லலடா. சொல்றவளா அவ? ரெண்டு வாரமா நீ படியிறங்கறப்ப கைப்பிடியைப் பிடிச்சு இறங்கறே. வலது பக்கமா சுத்தறதையே விட்டுட்டே. நாலு பேரை ஏமாத்தலாம், அதே முட்டியோட ஆடுனவனை ஏமாத்த முடியுமா? வலி எவ்வளவு?"

"சும்மா லேசா."

"லேசான வலியா இருந்தா கடைசி பத்து நிமிஷம் வெச்சுக்கறேன். முழு ஆட்டம் முடியாது."

"நான் கேப்டன் மாமா! இந்த மேட்ச்ல நான் இல்லேன்னா, ஊரு என்ன பேசும்? மச்சானைப் பலி குடுத்துட்டு நாற்காலியைக் காப்பாத்திக்கிட்டான்னு உங்களையும்தான் பேசும்."

"பேசட்டும். ஊருக்கு வாய் வலிச்சா நிறுத்திக்கும்."

பம்பரம் எட்டி ஆறாம் எண்ணைக் கொக்கியிலிருந்து பிடுங்கினான். கழுத்துப் பக்கம் தையல் விட்டுக் 'கிர்'ரென்றது. கேப்டன் கைப்பட்டையைக் கழற்றிப் பெஞ்சில் எறிந்துவிட்டு வெளியே போனான். போகும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் படியிறங்கினான். அதை இரண்டு பேருமே பார்த்தார்கள்.

"எதைச் சொல்லலேன்னு கேட்டேன்" என்றார் ஊசி மறுபடி.

"பதினெட்டை மாட்டணும். நகருங்க கோச்" என்றாள் அவள்.

*

நாலு மணிக்கு மைதானம் நிரம்பி வழிந்தது. தகரக் கூரையில் ஏறி உட்கார்ந்த ஜனங்கள் காலால் தட்டிய தட்டில் ஆணிகள் கழன்று விழாதது ஆச்சரியம்.

ஜெர்சியக்காவின் இடம் பெஞ்சின் கடைசி. காலடியில் மாற்று ஜெர்சிக் கூடை. பக்கத்து இருக்கை காலியாகக் கிடந்தது.

மஞ்சள் அணி பட்டியலில் மூன்றாவது. அவர்களுக்கு இந்த ஆட்டத்தில் போவதுமில்லை, வருவதுமில்லை. ஆனாலும் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி குஷியாக ஆடினார்கள். பதினேழாவது நிமிஷத்தில் அவர்களுடைய எட்டாம் எண்காரன் நடுக்களத்திலிருந்து ஒரு பந்தைத் தூக்கிப் போட்டான். ஒன்பதாம் எண்காரன் தலையால் தட்டினான். வலை குலுங்கியது.

மைதானம் தண்ணீர் ஊற்றிய அடுப்பாகிவிட்டது.

அப்போதுதான் பக்கத்து இருக்கையில் ஒருவன் பொத்தென்று வந்து உட்கார்ந்தான். மேலங்கியைக் கழுத்துவரை இழுத்து மூடியிருந்தான். அக்காவைப் பார்க்கவில்லை. அவளும் அவனைப் பார்க்கவில்லை. கூடையிலிருந்து ஊசிநூலை எடுத்து, "கழட்டிக் குடு, கழுத்தைத் தெச்சுத் தரேன்" என்றாள்.

"ஒண்ணும் வேணாம்."

பத்து நிமிஷம் போயிருக்கும். அவன் வாய் தன்னால் முணுமுணுக்கத் தொடங்கியது.

"பாக்கறானா பாரு... பாக்கல. இந்தத் தடவையும் பாக்கல."

"யாரு?"

"அந்த எட்டு. பந்து வாங்கறதுக்கு முன்னாடி பின்னால யாரு இருக்கான்னு தோளைத் திருப்பிப் பாக்கணும். சின்னப் புள்ளைக்குக்கூட மாமா அதைத்தான் முதல்ல சொல்லிக்குடுப்பாரு. இவன் இதுவரைக்கும் இருபது பந்து வாங்கிட்டான். ஒரு தடவைகூடப் பாக்கல. முன்னாடி நிக்கறவனையே முறைக்கறான். மௌனி முன்னாடி போய் நின்னு என்ன பிரயோஜனம்? பின்னாலருந்து வரணும்."

"இதைப் போய் அவருகிட்ட சொல்லு."

"நான் ஏன் சொல்லணும்? நீ சொல்லு."

"ஏண்டா, ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா?"

"இவ்வளவு நாள் அதானே பார்த்தே?"

அவள் எழுந்தாள். களத்தோர வெள்ளைக் கோட்டருகே நின்றிருந்த கணவரின் முதுகுக்குப் பின்னால் போனாள். "கோச், பெஞ்சுல ஒருத்தரு சொல்றாரு, மஞ்சள் எட்டு பின்னால திரும்பியே பாக்கறதில்லையாம்."

"எந்த ஒருத்தரு?"

"பேரு சொல்ல விரும்பல."

ஊசி திரும்பவில்லை. ஆனால் ஐந்து நிமிஷம் எட்டாம் எண்ணையே பார்த்தார். இடைவேளையில் மௌனியைத் தோளில் கைபோட்டுத் தனியாக அழைத்துப் போனார்.

ஐம்பத்தெட்டாவது நிமிஷம். மஞ்சள் எட்டு பந்துக்காகக் காத்து நின்றான். பின்னாலிருந்து பூனை மாதிரி வந்தான் மௌனி. காலுக்கடியில் பந்து காணாமல் போனது எட்டுக்குத் தெரிவதற்குள், அது வலது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த கொசுவின் காலில் இருந்தது. கொசு என்பது குட்டையாய், ஓயாமல் பறந்துகொண்டிருக்கும் முன்வரிசைக்காரன். இரண்டு பேரைத் தாண்டி, கோல் காக்கிற கோலியின் கையிடுக்கில் உருட்டிவிட்டான்.

ஒன்றுக்கு ஒன்று!

தகரக் கூரை பிய்ந்துவிடும்போல இருந்தது. பெஞ்சிலிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஜெர்சியக்கா கூடையைத் தட்டிவிட்டதுகூடத் தெரியாமல் தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவனும் கட்டிக்கொண்டான். காலையில் நடந்தது ஞாபகம் வந்ததும் இரண்டு பேரும் சட்டென்று விலகி உட்கார்ந்தார்கள்.

இன்னும் ஒரு கோல் வேண்டும்.

எழுபத்தொன்பதாவது நிமிஷத்தில் மௌனி கீழே விழுந்தான். யாரும் இடிக்கவில்லை. பின்னங்கால் சதை இழுத்துக்கொண்டது. பிசியோ ஓடிப்போய் அவன் காலை நீட்டிப் பார்த்துவிட்டு, பெஞ்சைப் பார்த்து இரண்டு கையையும் சுழற்றிக் காட்டினார். ஆளை மாற்று.

பெஞ்சில் நடுக்கள ஆட்டக்காரன் ஒருவன்தான்.

ஊசி திரும்பினார். பம்பரம் ஏற்கெனவே எழுந்து நின்று மேலங்கியைக் கழற்றிவிட்டிருந்தான். தையல் விட்ட கழுத்தோடு ஆறாம் எண்.

"தாங்குமா?" என்றார்.

"பத்து நிமிஷம் என்ன, அரை மணி நேரம் தாங்கும் மாமா."

ஆறாம் எண்ணைப் பார்த்ததும் ஜனங்களின் ஆரவாரம் கூரையைத் தாண்டியது. "பம்பரம்! பம்பரம்!" என்று நாலு பக்கமும் கத்தினார்கள். ஊசி கையை நீட்டி மச்சானின் தோளைத் தட்டப் போனார்.

ஜெர்சியக்காவுக்கு அந்தக் கூச்சலுக்குள்ளே வேறொரு சத்தம் கேட்டது. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய சத்தம். அன்றைக்கும் ஒரு கடைசி ஆட்டம். அன்றைக்கும் ஒரு முழங்கால். ஜெர்சி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காலுறைக்குள்ளே தெரியாதபடி இரண்டு சுற்றுக் கட்டுத்துணியை இழுத்துக் கட்டியது அவள் கைதான். "யாருகிட்டயும் சொல்லாதே" என்றார் கணவர். அவள் சொல்லவில்லை. அறுபத்துமூன்றாவது நிமிஷத்தில் அந்தச் சத்தம் பெஞ்சுவரை கேட்டது, காய்ந்த விறகை முழங்காலில் வைத்து முறித்த மாதிரி. முப்பத்தொரு வயசில் அந்த மனுஷனின் ஆட்டம் முடிந்தது. அதற்கப்புறம் எட்டு வருஷம் பள்ளிக்கூடத்து மைதானங்களில் கூம்பு அடுக்கினார்.

"அவனை இறக்காதீங்க!"

அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது.

"முட்டிக்குள்ள கிழிஞ்சிருக்கு. டாக்டர் சீட்டு என் சோப்புத்தூள் டப்பாவுல இருக்கு. ஆறு வாரம் ஓடக்கூடாது. ஓடினா அப்புறம் என்னிக்கும் ஓட முடியாதுன்னு எழுதியிருக்கு. வியாழக்கிழமை அவனால மண்டி போட்டு ஷூ கட்ட முடியல. நான்தான் கட்டிவிட்டேன்."

"அக்கா!"

பம்பரத்தின் கண்ணில் தண்ணீர் நின்றது. "காலைல சொல்லலேன்னு சத்தியம் பண்ணினியே!"

"காலைல சொல்லல. இப்ப சொல்றேன். ஒரு ஆளுக்கு வாயை மூடிக்கிட்டது போதும். நீ என் தம்பி இல்லேன்னாலும் பரவாயில்ல, காலோட இரு."

நடுவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். களத்தில் பத்துப் பேர். தலைவர் மேல்தளத்தில் எழுந்து நிற்பது தெரிந்தது.

ஊசி ஒரு நொடி மனைவியைப் பார்த்தார். பிறகு பெஞ்சின் மறுகோடியைப் பார்த்துக் கத்தினார். "பதினஞ்சு, இறங்கு! பின்னால நில்லு! பீரோ, நீ மிட்ஃபீல்டுக்கு வா!"

பீரோ நாலாம் எண் பின்வரிசைக்காரன். பெயருக்கேற்ற உடம்பு. வைத்த இடத்தில் இருப்பான். நடுக்களத்தில் அவன் வந்து நின்றது, பந்தயக் குதிரைகளுக்கு நடுவில் மாட்டுவண்டியை நிறுத்தின மாதிரி இருந்தது. இடப்பக்கம் ஓடினான், பந்து வலப்பக்கம் போனது. வலப்பக்கம் ஓடினான், பந்து தலைக்குமேல் போனது. ஜனங்கள் தலையில் கைவைத்தார்கள்.

பம்பரத்தால் பொறுக்க முடியவில்லை. வெள்ளைக் கோடு வரை நொண்டிக்கொண்டே போய்விட்டான்.

"ஏய் பீரோ! ஓடாதடா! உன்னை யாரு ஓடச் சொன்னா? நில்லு! பந்தே உன்கிட்ட வரும், நில்லு!"

கோட்டோரம் நின்றிருந்த நாலாவது நடுவர் விரலை ஆட்டிக்கொண்டு வந்தார். "ஒரு ஆளுதான் நின்னு பேசலாம். யாரு கோச்? ஒருத்தர் உட்காருங்க."

ஊசி நடுவரைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். களத்தில் விழித்துக்கொண்டு நிற்கும் பீரோவைப் பார்த்தார்.

போய் உட்கார்ந்துவிட்டார்.

ஜெர்சியக்காவின் பக்கத்து இருக்கையில், கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, சினிமா பார்க்க வந்தவர் மாதிரி.

"என்னங்க இது! உங்க வேலையே போகப்போகுது!"

"அவன் பாக்கறதை நான் பாக்கல" என்றார். "நான் மச்சானோட முட்டியையே பாத்துட்டிருந்தேன். அவன் ஆட்டத்தைப் பாத்துட்டிருந்தான்."

கோட்டில் நின்றவன் இப்போது வேறு ஆள். கையாலேயே களத்தை நகர்த்தினான். "கொசு, உள்ள வராதே, ஓரத்தைப் புடி! அஞ்சு, ரெண்டடி மேல ஏறு! பீரோ, தோளைத் திருப்பிப் பாரு... பாத்தியா? இப்ப நில்லு!" பீரோ திரும்பிப் பார்த்தான். நின்றான். ஒரு பந்து வந்தது. நிறுத்திப் பக்கத்தில் கொடுத்தான். இன்னொன்று வந்தது. அதையும் கொடுத்தான். கூரையிலிருந்து கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கியது.

தொண்ணூறு நிமிஷம் முடிந்தது. கூடுதல் மூன்று நிமிஷம் என்று பலகை காட்டினார்கள்.

இரண்டாவது நிமிஷத்தில் மஞ்சள் அணி பந்தை முன்னால் அடித்தது. பதினைந்தாம் எண்காரன் தலையால் தடுத்தான். பந்து நடுக்களத்தில் பீரோவின் முன்னால் குதித்தது. இரண்டு மஞ்சள்கள் அவன்மேல் பாய்ந்தார்கள்.

"இடது பக்கம் பாக்காதே! வலது! நிறுத்தாம அடி!"

பீரோ நிறுத்தவில்லை. பந்து தரையை உரசிக்கொண்டு, இரண்டு ஜோடிக் கால்களுக்கு நடுவில் புகுந்து, ஓரத்தில் பறந்துகொண்டிருந்த கொசுவுக்கு முன்னால் போய் விழுந்தது. மைதானத்திலிருந்த பழைய ஆட்களுக்கு அது யாருடைய பந்து என்று தெரிந்திருக்கும். ஜெர்சியக்கா பக்கத்தில் இருந்தவரின் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டாள். கெட்டுப்போன முழங்கால். அவர் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

கொசு அடித்தான்.

கம்பத்தில் பட்டது. திரும்பியது. கோலியின் முதுகில் பட்டது. கோட்டைத் தாண்டியது.

கடைசி விசில் ஊதியது. அதற்குப் பிறகு யார் யாரைத் தூக்கினார்கள், யார் யார்மேல் விழுந்தார்கள் என்று சொல்ல முடியாது. பீரோவைத் தூக்கப் போய் நாலு பேர் கீழே விழுந்தார்கள். மௌனி ஒற்றைக்காலில் குதித்து வந்து, அன்றைய ஐந்தாவது வார்த்தையாக "ஜெயிச்சிட்டோம்!" என்று கத்தினான். ஊசி வெள்ளைக் கோட்டுக்குப் போய், மச்சானின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நின்றார். பம்பரம் அழுதான். சந்தோஷமா, ஆடாமல் போன துக்கமா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

அக்காவை மட்டும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

*

ஆறு மணிக்கு உடைமாற்றும் அறை வெறிச்சென்று ஆனது. தரையெங்கும் சேறு, தண்ணீர்ப் புட்டிகள், கட்டுத்துணிச் சுருள்கள். மேல்தளத்தில் தலைவரின் கூட்டம் பாடிக்கொண்டிருப்பது கேட்டது. ஜெர்சியக்கா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வியர்வையில் கனத்த ஜெர்சிகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டாள். உடம்பெல்லாம் வலித்தது. ஆனாலும் வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்தது.

தூணை ஒட்டிய மூன்றாவது கொக்கியில் ஆறாம் எண் தொங்கியது.

இந்தத் தடவை மாட்டியது அவள் இல்லை.

தொட்டுப் பார்த்தாள். வியர்வை இல்லை, சேறு இல்லை. கழுத்தில் விட்ட தையல் மட்டும். மடிப்போடு எடுத்தபோது உள்ளேயிருந்து ஒரு சின்ன அட்டை நழுவி விழுந்தது. மஞ்சள் நிற விளிம்பு. மஞ்சள் அணித் தலைமைக் கோச்சின் பெயரும் தொலைபேசி எண்ணும். பின்பக்கம் பேனாவால் எழுதியிருந்தது: 'கோட்டில் நின்று கத்தியவருக்கு. எங்கள் இளையோர் அணிக்குக் கோச் வேண்டும். நாளை காலை ஒன்பது மணிக்கு வரவும்.'

அதற்குக் கீழே தம்பியின் கோணல் எழுத்தில் ஒரு வரி. 'அக்கா, இதையும் சொல்லிடுவியா?'

வெளியே காலடி கேட்டது. வலது கால் கொஞ்சம் கனமாக விழுகிற நடை. இன்றைக்கு அதில் ஒரு துள்ளல் இருந்தது.

ஊசி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டைமேலெல்லாம் யாரோ தண்ணீரைக் கொட்டியிருந்தார்கள். கையில் கட்டுத்துணிப் பெட்டி அட்டை. "கதவிடுக்குல போடலாம்னு வந்தேன். அப்புறம் நினைச்சேன், இதைக் கையிலயே குடுத்தா என்ன?" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். "தலைவர் அடுத்த வருஷத்துக்கும் என்னையே இருக்கச் சொல்லிட்டாரு. நானே ஆள் சேர்த்துக்கலாமாம். படி."

அட்டையில் ஒரே ஒரு வரி இருந்தது. 'துணைக் கோச்: ஆறு.'

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு அவனை வரச்சொல்லப் போறேன்" என்றவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "என்ன? உன் கையில என்ன அது?"

ஒன்பது வருஷத்துக்கு முன்னாலும், இன்று காலையிலும், இப்படி யாராவது கேட்டபோதெல்லாம் அவள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோயிருக்கிறாள்.

இப்போது விரித்து நீட்டினாள்.

அவர் படித்தார். ஒரு பக்கம் படித்தார், திருப்பி மறுபக்கம் படித்தார். கடைசி வரியில் அவர் கண் நீண்ட நேரம் நின்றது.

"அவன் எங்கே?"

"தெரியல. கைப்பிடியைப் பிடிச்சுப் படியிறங்கற சத்தம் கேட்டுச்சு. இப்பத்தான்."

அவர் அட்டையை அவள் கையிலேயே வைத்துவிட்டுக் கதவை நோக்கித் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே, வண்டிகள் நிற்கும் பக்கம், மஞ்சள் அணியின் பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது.